வேலையை விட்டவர்களுக்கும் ஒரு ஸ்கிரிப்ட்

அன்புள்ள தம்பிக்கு,

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் சர்வர் பார்க்கிற வேலை கிடைத்ததில் சந்தோஷம். நீ அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்தேன். நாற்பது பேருக்கு ஒரே மூச்சில் கணக்கு திறக்கிறது. ஆனால் மூடுவதற்கு அதில் ஒரு வரிகூட இல்லையே?

தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் சேருகிற விற்பனை ஆட்களில் பலர் ஆடி பிறக்கும்போது வேறு கடைக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய லாகின் மட்டும் உன் சர்வரிலேயே கிடக்கும்.

உத்திரமேரூர் உனக்குப் பக்கம்தான். அங்கே முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வா. எல்லோரும் ஊர்ச் சபை வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை எடுப்பதைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. வாரியத்தில் இருப்பவருக்குக் காலம் 360 நாள். முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரின் ஓலையைக் குடத்தில் போடவே கூடாது. ஆளைச் சேர்க்கும்போதே அனுப்புவதையும் யோசித்திருக்கிறார்கள்.

நீயும் கணக்கு திறக்கிற அதே வரியில் முடிவுத் தேதியைக் கொடுத்துவிடு. தற்காலிக ஆள் என்றால் சீசன் முடிகிற நாள். நீடித்தால் தேதியை நீட்டிக்கொள்ளலாம்.

நடுவில் விலகுகிறவர் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லினக்ஸில் பாஸ்வேர்டைப் பூட்டினால் பாஸ்வேர்டு மட்டும்தான் பூட்டும். எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் தாராளமாக உள்ளே வந்துவிடலாம். கணக்கையே காலாவதியாக்கு, சாவிக் கோப்பை எடுத்துவிடு, ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய ப்ராசஸ்களை நிறுத்து, கிரானில் ஏதாவது போட்டுவைத்திருக்கிறாரா என்றும் பார்.

அதற்காகக் கணக்கை அடியோடு அழித்துவிடாதே. ஹோம் போல்டரை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் அழித்தால், கோப்புகள் பழைய யூஐடி எண்ணின் பேரிலேயே நிற்கும். போனவர் கடைசியாகச் சேர்ந்தவர் என்றால், அடுத்து வருகிறவருக்குப் பெரும்பாலும் அதே எண் விழும். முதல் நாளே முந்தைய ஆளின் கோப்பெல்லாம் அவருக்குச் சொந்தமாகிவிடும். எண்ணை விட்டுக்கொடுக்காமல் பூட்டியே வைத்திரு.

லாகினை ஆளின் பெயரிலிருந்து உருவாக்குகிறாய். காஞ்சிபுரத்தில் அது நடக்குமா? தெருவுக்கு நாலு வரதராஜன், வீட்டுக்கு ஒரு காமாட்சி. அந்தக் காமாட்சியையும் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். பெயரைத் தேடி நீக்கினால், வேலையில் இருக்கிற காமாட்சி பில் போட முடியாமல் கவுன்ட்டரில் நிற்பார். பணியாளர் எண்ணை வைத்தே எல்லாவற்றையும் செய்.

ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினாலும் ஒன்றும் கெடக்கூடாது. இருக்கிற கணக்கைக் கண்டால் தாண்டிப் போகட்டும். நீக்குகிற பகுதியை ரூட்டில் ஓட்டுவதற்கு முன், என்னென்ன செய்யப்போகிறது என்பதைத் திரையில் காட்டுவதோடு நிற்கச் சொல். அந்தப் பட்டியலை அச்செடுத்து மேனேஜரிடம் கொடு. "இவர் இன்னும் நம்ம குடோன்லதானே இருக்கார்" என்று அவர் சொல்லும் பெயர் ஒன்றாவது அதில் இருக்கும்.

அன்புடன்,
அண்ணன்