கிணற்றடியில் நடந்த பேச்சு

வேதபாடப் பகுதி: யோவான் 4:1-42



உங்கள் ஜெபங்களினாலும் காணிக்கைகளினாலும் இந்த ஆஸ்பத்திரி ஊழியத்தைத் தாங்கி வருகிறீர்கள். அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். உங்கள் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "எங்களுக்குப் பிரசங்கம் பண்ண வராது. அக்கம்பக்கத்தாரிடமும் ஆபீசில் கூட வேலை செய்கிறவர்களிடமும் இயேசுவைப் பற்றி எப்படிப் பேசுவது? பேசினால் மதம் மாற்ற வருகிறார்கள் என்று நினைப்பார்களே. பேசாவிட்டால் மனது குத்துகிறதே."

இது எங்களுக்கும் உரிய கேள்வி. வார்டில் படுத்திருக்கிற நோயாளி எழுந்து போக முடியாதவர். அவருக்கு மருந்து கொடுக்கிறவர் எதைச் சொன்னாலும், "கேட்காவிட்டால் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ" என்ற பயம் அவருக்கு வரலாம். ஆகவே ஆண்டவர் இயேசு எப்படிப் பேசினார் என்பதை நாம் சேர்ந்து கவனிப்போம்.

1. முதலில் கேட்டு வாங்கினார்

நண்பகல் வெயில். நடந்து களைத்த இயேசு சீகார் ஊருக்கு அருகே, யாக்கோபுடைய கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர். யூதர் சமாரியரோடு புழங்காத காலம் அது. யார் கையில் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பார் என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று நம்முடைய ஊர்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த நாடு இது.

நாமோ கொடுக்கவே விரும்புகிறோம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும் முறுக்கும் கொடுத்து அனுப்புகிறோம். நல்லதுதான். ஆனால் அவர்களிடம் உதவி கேட்டிருக்கிறோமா? நம் வீட்டில் துக்கம் நடந்தபோது அவர்கள் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டை நன்றியோடு சாப்பிட்டிருக்கிறோமா? கொடுக்கிறவராகவே இருந்தால் நாம் எப்போதும் ஒரு படி மேலே நிற்போம். மேலே நின்று பேசுவது பிரசங்கமாகத்தான் இருக்கும்.

2. கையிலிருந்த பேச்சையே எடுத்தார்

கிணறு, குடம், தாகம். இவற்றிலிருந்தே ஜீவத்தண்ணீரைப் பற்றிய பேச்சு பிறந்தது. பேச்சை இழுத்து வளைத்துத் தம் பக்கம் அவர் கொண்டுவரவில்லை. நமக்கும் அப்படிப்பட்ட சந்தர்ப்பங்கள் தினமும் வருகின்றன. "ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்களைக் காணோமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். "ஒரு வேலையாகப் போயிருந்தோம்" என்று சொல்லிவிடுகிறோம். "கோவிலுக்குப் போயிருந்தோம். போன வாரமெல்லாம் மனது சரியில்லை, அங்கே போய் உட்கார்ந்த பிறகு ஆறுதலாக இருந்தது" என்று உண்மையைச் சொன்னால் போதும். மேலே கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம்.

3. அவளைப் பேசவிட்டார்

இந்த உரையாடலை எண்ணிப் பாருங்கள். இயேசு ஏழு முறை பேசுகிறார், அந்தப் பெண் ஆறு முறை பேசுகிறாள். அவள் கேள்வி கேட்கிறாள், எதிர்த்துச் சொல்கிறாள், எந்த மலையில் தொழுவது என்ற பழைய வழக்கையும் எடுக்கிறாள். அவளுடைய வாழ்க்கையின் வேதனையை அவர் அறிந்திருந்தார், அதைத் தொட்டும் பேசினார். ஆனால் ஊரார் முன்னிலையில் அல்ல, தனிமையில். அதைச் சொல்லி அவளை விரட்டவும் இல்லை.

காலையில் செல்போனில் இருபது பேருக்கு வசனம் அனுப்பிவிடுவது எளிது. ஒருவருடைய கதையை அரைமணி நேரம் கேட்பது கடினம். கேட்காமல் சொல்லப்படுகிற பதில் யாருக்கும் பதிலாவதில்லை.

4. அவள் சாட்சியானாள்

அந்தப் பெண் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் போனாள். அவளுக்கு வேதபாட வகுப்பு நடக்கவில்லை. தனக்கு நடந்ததைச் சொன்னாள், வந்து பார்க்கும்படி அழைத்தாள், இவர் கிறிஸ்துவாக இருப்பாரோ என்று ஒரு கேள்வியையும் வைத்தாள். அவ்வளவுதான். பின்பு ஊரார் இயேசுவை இரண்டு நாள் தங்க வைத்துத் தாங்களே கேட்டார்கள். இனி அவள் சொன்னதினால் மட்டும் அல்ல என்றார்கள்.

சாட்சி வேறு, வக்கீல் வேறு. கோர்ட்டில் சாட்சி கண்டதையும் கேட்டதையும் சொல்ல வேண்டும். வழக்கை ஜெயித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு அல்ல. நம்மில் அநேகர் வக்கீலாக நினைத்துக்கொள்வதால்தான் வாயைத் திறக்கப் பயப்படுகிறோம், அல்லது திறந்தபின் மூடத் தெரியாமல் இருக்கிறோம்.

5. அவர்கள் காதில் நம் சொற்கள்

சபைக்குள் வளர்ந்த நமக்குச் சில சொற்கள் பழகிப்போயின. வெளியே இருப்பவர் அவற்றை வேறு விதமாகக் கேட்கிறார். "பாவம்" என்றால் அவருக்கு முதலில் நினைவு வருவது "ஐயோ பாவம்" என்ற இரக்கம், அல்லது புண்ணியத்துக்கு எதிரான கணக்கு. "ஜெபம்" என்றால் ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. "இரட்சிப்பு", "ஆத்தும பாரம்" என்பவை அவருக்கு வேற்று மொழி. ஆகவே வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பழகுவோம். கிருபை என்பதை, "எனக்குத் தகுதியே இல்லை, ஆனாலும் கடவுள் என்னைக் கைவிடவில்லை" என்று சொன்னால் யாருக்கும் புரியும்.

நம்முடைய வார்த்தை உப்பால் சாரமேறினதாக இருக்கும்படி பவுல் கொலோசெயருக்கு எழுதுகிறார். உப்பின் அளவு வீட்டில் சமைக்கிறவர்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் குழம்பு சப்பென்றிருக்கும், கூடிப்போனால் இலையைத் தள்ளிவிடுவார்கள்.

எங்கள் வார்டுகளில்

நோயாளி கேளாமல் நாங்கள் மதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சிகிச்சையையும் சலுகையையும் அவருடைய விசுவாசத்தோடு இணைப்பதில்லை. ஜெபிக்கட்டுமா என்று கேட்போம். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விட்டுவிடுவோம், மறுநாளும் அதே முகத்தோடு வருவோம். நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லும் பேதுரு, அந்தப் பதிலில் சாந்தமும் மரியாதையும் இருக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்.

கேள்விகள் பெரும்பாலும் இரவில்தான் வரும். குழந்தைகள் வார்டில் நிமோனியாவோடு இருந்த பேரனுக்குத் துணையாக ஒரு பாட்டி இருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு நர்ஸிடம், "ஏம்மா, மணிக்கொருதரம் வந்து பிள்ளையத் தொட்டுப் பாக்குறியே, உனக்குச் சலிப்பே வராதா?" என்று கேட்டார்கள். "வரும் பாட்டி. அப்போ கொஞ்ச நேரம் சாமிகிட்ட பேசுவேன். இந்தப் பிள்ளையை அவருக்கும் தெரியும்னு நினைச்சா மறுபடியும் எழுந்து வந்துடுவேன்." "எந்தச் சாமி?" "இயேசு சாமி." பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என் பேரனுக்கும் சேத்துக் கேளு" என்றார்கள். நர்ஸ் அங்கேயே நின்று இரண்டு வரி ஜெபித்தார்.

பிள்ளை குணமாகி வீடு போனான். பாட்டி எந்தத் தீர்மான அட்டையிலும் கையெழுத்துப் போடவில்லை. இதை நாங்கள் கணக்கில் எழுதுவதற்கு எந்தக் கட்டமும் இல்லை. ஆனாலும் உங்கள் காணிக்கையின் கனிகளில் ஒன்றாகவே இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

கொல்லிமலையிலிருந்து ஒரு பாடம்

ஜெசி பிராண்டும் அவருடைய மனைவி எவ்லினும் 1913-ம் ஆண்டு கொல்லிமலைக்கு ஊழியத்துக்குச் சென்றார்கள். மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுத்தார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள், சுவிசேஷமும் சொன்னார்கள். ஆண்டுகள் கடந்தும் ஒருவரும் முன்வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்து வந்தார். உலகப் போர் முடிந்த சமயத்தில் பரவிய இன்ஃபுளுயன்ஸா காய்ச்சலில் அவரும் விழுந்தார். மற்றவர்கள் அருகில் வர அஞ்சியபோது பிராண்ட் தம்பதியர் அவர் வீட்டுக்குப் போய்க் கவனித்தார்கள். மரிக்கும் தருவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் அவளுக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதன் பிறகே மலைமக்கள் அவர்கள் பேச்சைக் கேட்க வரத் தொடங்கினார்கள். அதுவரை சொல்லப்பட்ட வார்த்தைகள் வீணாகவில்லை. அவற்றுக்கு அர்த்தம் என்ன என்பது அன்றுதான் விளங்கியது.

அவர்களுடைய மகன் டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தவர். ஒரு நோயாளியின் தோளில் கை வைத்து அவர் சிகிச்சையை விளக்கியபோது, அந்த மனிதர் தேம்பி அழுதாராம். பல ஆண்டுகளாகத் தன்னை ஒருவரும் தொடவில்லை என்பதே காரணம். அங்கே பேச்சு தொடங்கியது ஒரு கையினால்.

இந்த மாதம் செய்து பார்க்க

• அடிக்கடி சந்திக்கிற ஒருவருடைய பெயரை எழுதி வைத்துத் தினமும் ஜெபியுங்கள். அவரைப் பற்றி ஆண்டவரிடம் பேசாமல் ஆண்டவரைப் பற்றி அவரிடம் பேசாதிருங்கள்.

• அவரிடம் ஒரு சிறு உதவி கேளுங்கள்.

• அவருடைய பிள்ளைகள், உடல்நிலை, வேலை இவற்றைப் பற்றிக் கேட்டு, சொன்னதை நினைவில் வைத்து அடுத்த முறை விசாரியுங்கள்.

• ஆண்டவர் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையைச் சபைச் சொற்கள் இல்லாமல் நான்கு வாக்கியங்களில் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள்.

• அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள். சிநேகத்தை மாற்றாதிருங்கள்.

ஜெபிப்போம்

கிணற்றடியில் களைத்து உட்கார்ந்த ஆண்டவரே, எங்கள் நாவுக்கு முன்பாக எங்கள் காதுகளைத் திறந்தருளும். இரவுப் பணியில் இருக்கிற நர்ஸ்களையும், பஸ்ஸிலும் கடைவீதியிலும் ஆபீசிலும் இருக்கிற எங்கள் பங்காளிகளையும் உமது சாட்சிகளாக வைத்துக்கொள்ளும். விதைப்பது எங்கள் வேலை, விளையச் செய்வது உம்முடையது என்று நம்பி இளைப்பாற எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.