பல் ஊசியில் குழந்தைக்கு வலிப்பது எதனால்?

நம்பிக்கை: மெல்லிய ஊசியாக இருந்தால் வலிக்காது.

பல் மருத்துவத்தில் வழக்கமான 27 கேஜ் ஊசிக்கும் அதைவிட மெல்லிய 30 கேஜ் ஊசிக்கும் 0.1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மருந்தை எவ்வளவு வேகமாக அழுத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம். கன்னத்தின் உட்புறச் சதை தளர்வானது. மருந்துக்கு இடம் கொடுக்கும். மேலண்ணத்தில் சதை எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். அங்கே அவசரமாகச் செலுத்தினால் பெரியவர்களுக்கே கண்ணில் நீர் வந்துவிடும். ஒரு மில்லிலிட்டர் போக ஒரு நிமிடம் என்பது நல்ல வேகம். கைதேர்ந்த மருத்துவர் உதட்டை இழுத்துப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே, பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தபடி சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார். அந்த அசைவு வலி உணர்வை மட்டுப்படுத்தும்.

நம்பிக்கை: மரக்கவைக்கும் ஜெல் தடவியும் பிள்ளை அழுதது, அதனால் பயனில்லை.

எச்சிலில் நனைந்த ஈறில் தடவி அடுத்த நொடியே குத்தினால் எந்த ஜெல்லும் பயன் தராது. பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுத்து, தடவி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். அப்போதும் மேல்தோல்தான் மரக்கும். “ஜெல் வைத்துக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள் டாக்டர்” என்று கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள்.

நம்பிக்கை: விழப்போகிற பால் பல்தானே, மரப்பு ஊசி எதற்கு?

பால் பல்லுக்குள்ளும் நரம்பு இருக்கிறது. ஆழமான சொத்தையை மரக்கவைக்காமல் குடைந்தால் வலி உயிர்போகும். அதை அனுபவித்த பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது.

நம்பிக்கை: “ஊசியே இல்லை” என்று சொல்லி அழைத்துப்போவது நல்லது.

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சாப்பிட அடம்பிடித்தால் “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று வீட்டில் மிரட்டுகிறோம். மருத்துவமனை வாசலில் ஊசியே இல்லை என்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்த மறு நிமிடமே பிள்ளைக்கு உண்மை தெரிந்துவிடும். “பல்லைத் தூங்க வைக்க மருந்து போடுவாங்க, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், நான் பக்கத்திலேயே இருப்பேன்” என்று சொன்னால் போதும்.

நம்பிக்கை: ஊசி போட்டதால் உதடு புண்ணாகிவிட்டது.

பெரும்பாலும் பிள்ளை தானே கடித்துக்கொண்ட புண் அது. பல் வேலை முடிந்த பிறகும் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். தடித்ததுபோல் தோன்றும் உதட்டைப் பிள்ளை மென்றுகொண்டே இருக்கும், வலி தெரியாது. மறுநாள் வீங்கி, வெண்படலம் படிந்திருப்பதைப் பார்த்துச் சீழ் என்று பதறுவார்கள். மரப்பு விடும்வரை மெல்லும் உணவோ சூடான பாலோ தராதீர்கள்; பிள்ளையின் வாயைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.