மைக்குக்கும் கல்லாவுக்கும் நடுவே

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். தனி ஆளாகக் கைபேசியில் பேசிப் பதிவேற்றிய காலத்தில் "அண்ணே, எங்க மனசுல இருக்கறத அப்படியே சொல்றீங்க" என்று கொண்டாடியவர்கள், நீ ஓர் அறை பிடித்து, இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து, கம்பெனியாகப் பதிவு செய்ததும் "மாறிட்டீங்க" என்கிறார்களே, ஏன் என்பது முதல் கேள்வி. ஒரு லீக் அணியின் நிர்வாகம் உன் நிகழ்ச்சிக்குப் பணம் தர முன்வந்திருக்கிறது, வாங்கலாமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் "பொறாமை" என்று நீயே பதிலும் எழுதிவிட்டாய். அதை அடித்துவிடு. பொறாமைக்காரன் உன் நிகழ்ச்சியை ஒன்றரை மணி நேரம் கடைசி வரை கேட்டுவிட்டுத் திட்ட மாட்டான்.

பில் சிம்மன்ஸின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து பார்க்கிறவன் நீ, அவருடைய பாட்காஸ்டைக் கேட்டிருப்பாய். அவர் எழுத்தாளராக இருந்த காலம் உனக்குத் தெரிந்திருக்காது. இதழியலில் முதுகலை படித்துவிட்டு, பாஸ்டனில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் சில்லறை வேலைகள் பார்த்து, பத்தி எழுதும் இடம் கிடைக்காது என்று தெரிந்ததும் வெளியேறி, மதுக்கடையில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். 1997இல் இணையத்தில் "பாஸ்டன் ஸ்போர்ட்ஸ் கை" என்ற பெயரில் எழுத ஆரம்பித்தார். செய்தியாளர் மாடத்துக்குப் போகவில்லை, ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறை வாசலில் காத்திருக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற ரசிகன் என்ன நினைப்பானோ அதை, சினிமாக் கிண்டலும் நண்பர்களோடு போட்ட சண்டையும் கலந்து எழுதினார். நடுநிலை என்ற பாவனையே இல்லை. என் அணி தோற்றது, என் மனசு உடைந்தது, அவ்வளவுதான். 2001இல் விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஈஎஸ்பிஎன் அவரை எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்து வாசகர்கள் வெறுமனே வாசிக்கிறவர்களாக இருக்கவில்லை. அவர்களுடைய கடிதங்களுக்குப் பதில் சொல்வதே முழுப் பத்தியாக அடிக்கடி வரும். ஆகக் கிறுக்குத்தனமான கடிதத்தைக் கடைசியில் வைத்து, ஆமாம், இவர்கள்தான் என் வாசகர்கள் என்று பெருமையோடு முடிப்பார். நட்சத்திர ஆட்டக்காரர் இல்லாதபோது அணி இன்னும் நன்றாக ஆடுகிறது என்று சொல்லும் "ஈவிங் கோட்பாடு" அவர் பெயரால்தான் பிரபலமானது. அதைக் கண்டுபிடித்தவர் அவருடைய வாசக நண்பர் ஒருவர் என்று சிம்மன்ஸே எழுதினார். இதைக் கவனி. ரசிகர்கள் அந்தப் பத்தியில் தங்களுக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்தார்கள், அந்த நினைப்புக்கு ஆதாரமும் இருந்தது. பங்கு இருக்கிறது என்று நம்புகிறவன், வியாபாரம் கைமாறும்போது கணக்குக் கேட்பான்.

முதல் மனத்தாங்கல் பணத்தால் வரவில்லை, வெற்றியால் வந்தது என்று நான் நினைக்கிறேன். பாஸ்டனின் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி 1918க்குப் பிறகு பட்டமே வெல்லாமல் இருந்தது. 2004இல் வென்றது. அதற்குள் அதே வட்டாரத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியும் கோப்பைகளை அள்ள ஆரம்பித்திருந்தது. 2008இல் கூடைப்பந்திலும் பட்டம். தோற்கிறவனின் புலம்பலில் எல்லா ஊர்க்காரனும் தன்னைப் பார்த்துக்கொள்ளலாம். ஜெயிக்கிறவனின் கொண்டாட்டத்தில் அப்படி முடியாது. அதே குரல், அதே கிண்டல், ஆனால் மற்ற ஊர் வாசகர்களின் காதில் அது தற்பெருமையாக விழுந்தது. பாஸ்டன்காரர்களுக்கு வேறொரு குறை: ஆள் 2002லேயே லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோய்விட்டார்.

2007இல் பாட்காஸ்ட் ஆரம்பித்தார். எழுத்தை நேசிப்பவன் எழுத்தாளனைத் தூரத்தில் வைத்துத்தான் நேசிக்கிறான். குரல் அப்படியில்லை. கார் ஓட்டும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் வாரத்துக்கு மூன்று தடவை காதுக்குள் வந்து பேசுகிறவனிடம் கேட்பவருக்கு உரிமை வந்துவிடுகிறது. அவன் எந்த இடத்தில் சிரிப்பான், எந்தச் சொல்லை அளவுக்கு மீறிச் சொல்வான், எந்த ஆட்டக்காரரைக் காரணமில்லாமல் தாங்கிப் பிடிப்பான் என்பதெல்லாம் அத்துப்படி. கேலியும் அதிலிருந்துதான் வரும். உன்னைப் போலவே பேசிக் காட்டிக் கலாய்க்கிறான் ஒருவன் என்று குறைப்பட்டிருக்கிறாயே, அவன் உன்னைக் குறைந்தது நூறு மணி நேரம் கேட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்.

பாராட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதை நீ கேட்காவிட்டாலும். 2011இல் ஈஎஸ்பிஎன் பணத்தில் சிம்மன்ஸ் ஆசிரியராக இருந்து "கிராண்ட்லாண்ட்" இதழைத் தொடங்கினார். விளையாட்டும் சினிமாவும் சேர்ந்த நீண்ட கட்டுரைகள், நல்ல எழுத்தாளர்கள். 2014 ஜனவரியில் அதில் ஒரு கட்டுரை வந்தது. புதுமாதிரி கோல்ஃப் மட்டை ஒன்றை வடிவமைத்த பெண்ணைப் பற்றியது. அவர் தன் படிப்பைப் பற்றிச் சொன்னவை பொய் என்று கண்டறிந்த நிருபர், அவர் திருநங்கை என்பதையும் கண்டறிந்து ஒரு முதலீட்டாளரிடம் சொன்னார், கட்டுரையிலும் எழுதினார். கட்டுரை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார். வெளியான முதல் இரண்டு நாளும் பாராட்டுதான் குவிந்தது. எப்படிப்பட்ட துப்பறியும் கட்டுரை என்று ரசிகர்களும் சக எழுத்தாளர்களும் புகழ்ந்தார்கள். அதன் பிறகுதான், ஒருவர் மறைத்து வைத்திருந்த பாலின அடையாளத்தை அம்பலப்படுத்தி அதைக் கதைத் திருப்பமாக ஆக்கியிருக்கிறீர்களே என்ற கேள்வி எழுந்தது. சில நாட்களில் சிம்மன்ஸ் ஆசிரியர் என்ற முறையில் நீண்ட கடிதம் எழுதினார். வெளியிடும் முன் திருநர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம்கூடக் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். திருநங்கையான விளையாட்டு எழுத்தாளர் கிறிஸ்டினா கார்லின் கடுமையான விமர்சனத்தையும் தன் இதழிலேயே வெளியிட்டார். வாசகர்களைச் சரியாகக் கேட்டது அந்த நேரத்தில்தான் என்பேன். ஆனால் அந்த முதல் இரண்டு நாளை நினைத்துப் பார். பெரும்பான்மை கை தட்டியது. கை தட்டியவர்களுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. உன் நிகழ்ச்சியில் யாரைப் பற்றியாவது பேசும்போது, அந்த ஆளுக்கு வேண்டியவர்கள் உன் ரசிகர் கூட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்.

அதே ஆண்டு செப்டம்பர். ரே ரைஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் தன் வருங்கால மனைவியை மின்தூக்கிக்குள் அடித்து வீழ்த்திய காணொளி வெளியானது. அதை முன்பே பார்த்ததில்லை என்று அந்த ஆட்டத்தின் லீக்கான என்எஃப்எல்லின் ஆணையர் ரோஜர் குடெல் சொன்னார். அவர் பொய்யர் என்று சிம்மன்ஸ் பாட்காஸ்டில் சொன்னார், முடிந்தால் என்மேல் நடவடிக்கை எடுங்கள் என்று தன் முதலாளிகளுக்கும் சவால் விட்டார். ஈஎஸ்பிஎன் மூன்று வாரம் இடைநீக்கம் செய்தது. ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமைக்காக அந்த நிறுவனம் அதே என்எஃப்எல்லுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், "சிம்மன்ஸை விடுதலை செய்" என்று ஹேஷ்டேக் ஓட்டினார்கள். 2015 மே மாதம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று நிறுவனத் தலைவர் பத்திரிகைக்கு அறிவித்தபோதும் பெரும்பாலோர் அவர் பக்கம்தான். அக்டோபர் 30 அன்று கிராண்ட்லாண்டை மூடினார்கள். அதற்காக வாசகர்கள் துக்கம் அனுசரித்தார்கள் என்றே சொல்லலாம்.

முதலாளி தண்டிக்கும்போது முழுமையாகப் பக்கத்தில் நின்ற அந்த ரசிகர்களில் பலர், சில வருடத்துக்குள் அவரையே முதலாளியாகப் பார்த்து முகம் சுளித்தார்கள். உன் முதல் கேள்விக்குப் பதில் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

2016இல் "தி ரிங்கர்" பிறந்தது, இந்தத் தடவை அவருடைய சொந்த நிறுவனம். (அதே வருடம் எச்பிஓ தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சி ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வளவளவென்று பேசி ஈர்க்கிற ஆளை அரை மணிக்குள் உட்கார வைத்தார்கள்.) கட்டுரைகளைவிடப் பாட்காஸ்ட்கள் காசு கொண்டுவந்தன, எனவே பாட்காஸ்ட்கள் பெருகின. சிம்மன்ஸ் எழுதுவது ஏறக்குறைய நின்றே போனது. 2019 ஆகஸ்டில் ஊழியர்கள் சங்கம் வைத்தார்கள், நிர்வாகமும் அங்கீகரித்தது. 2020 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. விலை கிட்டத்தட்ட 20 கோடி டாலர். அதே ஆண்டு ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து நாடே தெருவில் நின்றபோது, ரிங்கரில் கறுப்பினத்தவருக்கு மைக் எவ்வளவு கிடைக்கிறது என்று அவருடைய ஊழியர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள், நியூயார்க் டைம்ஸும் எழுதியது. அவர் அதற்குச் சொன்ன பதில் ஒரு வியாபாரியின் பதிலாக இருந்தது. ரசிகர்கள் எதிர்பார்த்தது சோபாவில் உட்கார்ந்திருந்த ஆளின் பதிலை.

நம் ஊரில் பிறந்து வளர்ந்த பையன் தாசில்தாராகி நம் ஊருக்கே மாற்றலாகி வந்தால் என்ன நடக்கும்? எல்லோருக்கும் பெருமை. பட்டா விஷயமாகப் போய் நிற்கும்போது மட்டும், இவன் நம்ம பையனாகப் பேசுகிறானா, ஆபீஸராகப் பேசுகிறானா என்று ஒவ்வொரு வார்த்தையையும் எடை போடுவார்கள். அதில் பொறாமையைத் தேடாதே. எந்த ஆளிடம் பேசுகிறோம் என்று தெரியாத குழப்பம் அது.

சூதாட்ட விளம்பரம் இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம். சிம்மன்ஸ் பந்தயத்தைப் பற்றிப் பேசியது புதிதல்ல. ஈஎஸ்பிஎன் நாட்களிலேயே வாராவாரம் கசின் சால் என்று எல்லோரும் அழைக்கும் நண்பருடன் உட்கார்ந்து, கால்பந்து ஆட்டங்களுக்குப் பந்தயம் நடத்துகிறவர்கள் என்ன கணக்கு வைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது அந்த நிகழ்ச்சியின் பெரிய ருசி. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியத் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. மாநிலம் மாநிலமாகப் பந்தயம் சட்டபூர்வமானது, பாட்காஸ்ட்களுக்குள் பந்தய நிறுவனங்களின் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. இவர் நிகழ்ச்சிக்கு ஃபேன்டூயல் வந்தது. அரட்டை மாறவில்லை, சிரிப்பும் மாறவில்லை. கேட்கிறவன் கைபேசியில் ஒரு தட்டு தட்டிப் பணம் இழக்கலாம் என்பது மட்டும் மாறியது. நண்பனின் வாயரட்டை என்று பத்து வருடம் கேட்டவனுக்கு, இப்போது அதே அரட்டை தன் பாக்கெட்டை நோக்கி வருகிறதோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகம் எனக்கு நியாயமாகவே படுகிறது. நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான விளம்பரத்தையும் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டதால், அந்த வகைப் பணத்துக்கு ஆசைப்படும் சிக்கல் உனக்கு இல்லை.

முதலாளியானதில் அவருக்கு நஷ்டம் மட்டும்தான் என்று எண்ணிவிடாதே. இன்று அவருடைய பேச்சில் எனக்கு ஆகப் பிடித்தது ஆட்ட விமர்சனம் இல்லை. ஒளிபரப்பு ஒப்பந்தம் எப்படிப் பேசி முடிக்கப்படுகிறது, அணி விற்பனையில் யார் எதற்காகப் பொறுமையாக இருக்கிறார்கள் என்று சொல்கிற பகுதிகள்தான். சோபாவில் உட்கார்ந்தவருக்கு அது தெரியாது. அதனால் "முன்ன மாதிரி இல்ல" என்று வருகிற புகாரை இரண்டாகப் பிரி. பழைய நீ வேண்டும் என்று கேட்கிறவருக்கு உன்னால் எதுவும் செய்ய முடியாது, மரியாதையாகக் கேட்டுக்கொள், விளக்கம் எழுதாதே. "நேற்றைய ஆட்டத்தின் கடைசி ஓவர்களை நீங்க பார்க்கவே இல்ல, ஸ்கோர் கார்டை வச்சுப் பேசறீங்க" என்று ஒருவர் எழுதினால், அது உன் வேலையைப் பற்றிய தகவல். கம்பெனி நடத்துகிறவர்களுக்கு முதலில் தேய்வது ஆட்டம் பார்க்கும் நேரம்தான். உனக்கும் தேய்ந்திருக்கிறது. போன மாதத்து எபிசோடுகளில் எனக்கே அது கேட்டது.

வேலைக்கு வைத்திருக்கும் அந்த இரண்டு பேரையும் மறந்துவிடாதே. ரசிகர்கள் உன்னை எடைபோடப் போவது மைக்கில் நீ சொல்வதை வைத்து மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் தேதியில் போகிறதா, எபிசோடில் அவர்கள் பெயர் வருகிறதா என்பதெல்லாம் எப்படியோ வெளியே தெரிந்துவிடும்.

இனி அணி நிர்வாகத்தின் பணம். ஒப்பந்தத்தில் விமர்சனத்துக்குத் தடை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஈஎஸ்பிஎன்னும் விமர்சனம் செய்வதற்காகத்தான் சிம்மன்ஸை வைத்திருந்தது. அந்தப் பணத்தை வாங்கிய பிறகு அவர்களுடைய கேப்டனை நீ பாராட்டினால் காசுக்குப் பேசுகிறாய் என்பார்கள், திட்டினால் காசை மறைக்கத் திட்டுகிறாய் என்பார்கள். இரண்டுக்கும் உன்னிடம் பதில் இருக்காது. காலணிக் கடை, பயிற்சி மையம், மிக்சர் கம்பெனி, யாரிடம் வேண்டுமானாலும் விளம்பரம் வாங்கு, எபிசோடின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடு. நீ தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஆட்டக்காரர்களின் முதலாளியிடம் வாங்காதே. அறை வாடகைக்கு மூன்று மாதம் முட்டுப்பாடாக இருக்கும், தெரியும். வேண்டுமானால் அறையைக் காலி செய்துவிட்டு மறுபடி வீட்டிலிருந்து பேசு. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்