கவிழ்க்கத் தெரிந்த கை

திருச்சுழி

அன்புள்ள மாப்பிள்ளை,

போக்கர் கற்றுத்தரச் சொல்லி எழுதியிருந்தாய். சொல்லித் தருகிறேன், புளியமுத்து வைத்து ஆடுவதென்றால் மட்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் எதுவும் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதம். போக்கரில் திறமை ஏராளமான ஆட்டங்களுக்குப் பிறகுதான் பலன் காட்டும். கடன் வாங்கி ஆடுகிற பையன் அதற்குள் ஓட்டாண்டியாகிவிடுவான்.

கணக்கைத் தாயத்திலிருந்து தொடங்கு. இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி, தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழி, இரண்டும் 0 ஆக விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழி. பத்து வீச்சாகத் தாயம் விழாவிட்டாலும் அடுத்த வீச்சுக்கு அதே எட்டில் ஒன்றுதான்.

போக்கரில் உன் கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. நான்கு பொதுச்சீட்டு விரித்தாயிற்று, உனக்கு நான்கு ஸ்பேடு சேர்ந்திருக்கிறது, இன்னொன்று வந்தால் ஜெயம் என்று வை. கண்ணில் படாத சீட்டு 46, அதில் ஸ்பேடு 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நடுவில் 100 முத்து கிடக்கிறது, எதிராளி மேலும் 100 வைக்கிறார். நீ 100 போட்டு 200 எடுக்கப் பார்க்கிறாய். மூன்றுக்கு ஒருமுறை ஜெயித்தால்தான் கட்டும். சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்திலிருந்து ஒதுங்கிவிடு. அவர் 20 மட்டும் வைத்திருந்தால் ஏழுக்கு ஒன்றே போதும், தாராளமாகப் போடு. கவிழ்த்தபின் ஸ்பேடே வந்து விழலாம். மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அப்போதும் நீ செய்தது சரிதான்.

கையில் இரண்டு ஏஸ் சேர்வது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் கவிழ்ப்பதுதான் வேலை. நம் கரிசல் சம்சாரி முதல் தூறலுக்கே விதையைக் கொட்டிவிடமாட்டார், மண்ணைத் தோண்டி ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று பார்ப்பார். அந்த நிதானம் வேண்டும்.

பாவ்லா காட்டுவதற்கும் கணக்கு உண்டு. 100 கிடக்கும்போது 50 வைத்து மிரட்டினால், மூன்றில் ஒருமுறை எதிராளி ஒதுங்கினாலே கைமுதல் நிற்கும். நீ இதுவரை பொறுமையாகக் கவிழ்த்து வந்தவன் என்று தெரிந்தால் அவர் ஒதுங்குவார். ஒவ்வொரு ஆட்டத்திலும் முத்தை வாரி வைப்பவனை யாரும் நம்பமாட்டார்கள். எதிரில் இருப்பவரையும் பார். உன் தாத்தா எந்தச் சீட்டையும் கவிழ்க்கமாட்டார், அவரிடம் பாவ்லா செல்லாது. நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் நிறைய வை.

அன்புடன்,
மாமா