கணிப்பொறியின் நினைவு தவறுமா?

மனிதன் மறப்பான், கணிப்பொறி மறவாது என்றே நானும் எண்ணியிருந்தேன். கோடை விடுமுறைக்கு முன் எங்கள் கணித ஆசிரியை, "கணிப்பொறியின் நினைவகத்தில் பிழை நேர்ந்தால் அதை யார் திருத்துவது?" என்று கேட்டு, அதையே எனக்கு விடுமுறை ஆய்வாகத் தந்தார்கள்.

நினைவகம் எதனையும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களாலேயே எழுதி வைக்கிறது. இவ்விலக்கம் ஒவ்வொன்றும் 'பிட்' எனப்படும். மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டம் இருப்பதும் இல்லாததுமே இந்த எழுத்து. ஓட்டைக் குடத்து நீர்போல் மின்னூட்டம் கசிந்துவிடுமாதலால், பொதுவாக 64 மில்லி செகண்டுக்கு ஒரு முறை அது புதுப்பிக்கப்படுகிறது. இடையில் கதிர்வீச்சுத் துகள் ஒன்று தாக்கினால் 1 என்பது 0 ஆகிவிடலாம். சில்லின் உறையில் மிகச் சிறிதளவு கலந்திருந்த கதிரியக்கப் பொருளே இவ்வாறு பிழை உண்டாக்கியதை இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்டனர். விண்வெளிக் கதிர்களாலும் இது நேரும்.

ஒரு பிட் மாறினால் என்ன குறைந்துவிடும்? 2003-இல் பெல்ஜியம் நாட்டின் ஸ்கார்பேக் நகரில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. பெறக்கூடிய அளவையே மீறியதால்தான் பிழை வெளிப்பட்டது. பன்னிரண்டு 2-களைப் பெருக்கினால் வருவது 4096. ஆகவே ஒரே ஒரு பிட் மாறியிருக்கிறது. விண்கதிர் காரணமாயிருக்கலாம் என்று கருதினர்.

இத்தகைய பிழையைப் பொறியே திருத்திக்கொள்ளும் முறையை, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்டார். அதை நான் அட்டைகளைக் கொண்டு செய்து பார்த்தேன்.

ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களை வரைந்தால் ஏழு பகுதிகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. அதன் ஒரு பக்கம் 0, மறுபக்கம் 1. வட்டங்கள் சேரும் நான்கு பகுதிகளில் செய்தி. மற்ற மூன்றில் காவல் அட்டைகள். ஒவ்வொரு வட்டத்திலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகும்படி காவல் அட்டைகளை வைத்தேன். நான் காணாதபோது தம்பி ஓர் அட்டையைத் திருப்பினான். ஒற்றைப்படையாகிவிட்ட வட்டங்களுக்கு மட்டும் உரிய அட்டை எதுவோ, அதுவே பிழை! ஏழு அட்டைகளையும் இவ்வாறு சோதித்தோம், ஏழிலும் வென்றேன்.

பின்பு அவன் இரண்டு அட்டைகளைத் திருப்பிவிட்டான். நானோ அதை அறியாமல், நன்றாயிருந்த வேறோர் அட்டையைத் 'திருத்தி' மூன்றாம் பிழையைச் செய்தேன்!

இதற்கும் வழி உண்டு. மொத்த 1-களும் இரட்டைப்படையாகும்படி எட்டாவது அட்டை ஒன்றைச் சேர்க்க வேண்டும். வட்டங்களில் ஒற்றைப்படை, மொத்தத்திலோ இரட்டைப்படை என வந்தால் பிழைகள் இரண்டு. அப்போது எதையும் தொடாமல் "பிழை உண்டு" என்று அறிவிக்க வேண்டும். பெரிய கணிப்பொறிகளில் 64 பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகள் இப்பணியைச் செய்கின்றன.

தோழியரே, பிழையே நேராத நினைவகத்தை எவரும் செய்துவிடவில்லை. தன் பிழையைத் தேடிப் பார்ப்பதும், திருத்த இயலாதபோது மறைக்காமல் சொல்லிவிடுவதுமே அதனை நம்பத்தக்கதாக்குகின்றன. தம்பியிடம் தோற்ற அன்றுதான் இதை நான் கற்றேன்.