இரவில் மலரும் கள்ளி

காஞ்சிமாநகரில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில், தறி நிற்கும் கூடத்தை அடுத்து முற்றமுடைய பழைய வீடுகள் சில இன்றும் உள்ளன. அத்தகைய முற்றங்கட்கு ஏற்ற செடி ஒன்று உண்டு. தொட்டியினின்று பட்டையான பசுந்தண்டுகள் நீண்டு சரிந்து தொங்கும். பகலில் நோக்குவார்க்கு அதன்கண் வியத்தற்குரியது எதுவும் தோன்றாது. ஆயினும், அது மலரும் இரவில் அண்டை வீட்டாரும் வந்து கூடுவர். மக்கள் அதனைப் பிரம்ம கமலம் என வழங்குகின்றனர்.

இப்பெயர் பொருந்துவதன்று. உண்மையான பிரம்ம கமலம் இமயத்தின் உயர்ந்த சாரல்களில் வளர்வது; சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது; உத்தரகண்ட மாநிலத்தின் மலராகக் கொள்ளப்பட்டது. நம் முற்றத்துச் செடியோ மெக்சிக்கோ, குவாத்தமாலா முதலிய நாடுகளில் தோன்றிய கள்ளி. மலரினுள் அரவணையில் பள்ளிகொண்ட திருமாலின் உருவைக் காண்போர் அதனை அனந்தசயனம் என்பர். திருவெஃகாவில் கிடந்த திருக்கோலத்தை நாளும் வணங்கும் ஊரார்க்கு அக்காட்சி எளிதில் தோன்றும். மலையாள நாட்டார் நிசாகந்தி என்பர்; இரவில் மணப்பது என்பது அதன் பொருள். பெயர்களுள் இதுவே தக்கது. திருவனந்தபுரத்துக் கனகக்குன்றில் உள்ள திறந்தவெளி அரங்கும் இப்பெயர் பூண்டுள்ளது.

கள்ளி என்றவுடன் தமிழ் கற்றார்க்குப் பாலை நிலம் நினைவுக்கு வரும். சங்கச் சான்றோர் பாடிய கள்ளி, கிள்ளினால் பால் வடிவது. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கள்ளிகளோ கொலம்பசு 1492இல் மேற்கே சென்ற பின்னரே இப்பக்கம் வந்தவை. அவற்றுட் பெரும்பாலானவற்றிற் பால் இல்லை. அவற்றுள் சப்பாத்திக்கள்ளியின் வரலாறு பட்டு நெய்வோர் அறியத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கக் கிழக்கிந்தியக் கும்பினியார் விரும்பினர். அதன்பொருட்டு மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். சாயத்தொழில் நிலைபெறவில்லை, கள்ளியினமோ விளைநிலங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவித் தொல்லை தந்தது. அதனை அழித்தற்கு 1926இல் வேறொரு பூச்சியைக் கொணர வேண்டியதாயிற்று.

நிசாகந்தி இவ்வகையினதன்று. அது மழைமிக்க காட்டில் மரக்கிளைகளின் கவட்டில் வாழும் தொற்றுச்செடி. புல்லுருவி மாமரத்தின் சாற்றை உறிஞ்சுவதுபோல் இது உறிஞ்சுவதில்லை. மரத்தை இடமாக மட்டும் கொண்டு, அங்குத் தங்கிய மக்கிய சருகிலும் மழைநீரிலும் உணவு கொள்ளும். இதன் உறவினமாகிய ரிப்சாலிசு, கயிறுபோல் தொங்கும் மெல்லிய தண்டும் வெண்மணி போன்ற கனியும் உடையது. அமெரிக்காவிற்கு வெளியே இயற்கையாய் வளரும் கள்ளி இஃது ஒன்றே. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் காணப்படுகிறது. பசைமிக்க விதைகளைப் பறவைகள் கடல்கடந்து கொணர்ந்தன என்பார் உளர், மறுப்பாரும் உளர்.

கள்ளி என்னும் பெயரே இச்செடிக்குப் பகையாகிறது. அதனை நம்பி வெயிலில் வைப்பாரும், நீர் வார்க்காது விடுவாரும் பலர். கத்திரி வெயில் நேரே படின் தண்டு மஞ்சளித்துக் கருகும். காலை இளவெயிலும், எஞ்சிய பொழுது நிழலோடு கூடிய வெளிச்சமும் போதும். வெறுங் களிமண்ணில் நடுதல் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, உடைந்த செங்கல், இலைமக்கு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள சிறு தொட்டியில் இடுக. பெருந்தொட்டியில் ஈரம் தேங்கி வேர் அழுகும். வேர் சற்று நெருங்கியிருப்பின் பூப்பதும் மிகுதி. மேற்பகுதி உலர்ந்தபின் நீர் விடுக. உப்பு மிகுந்த கிணற்று நீரினும் மழைநீர் நன்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்திற்கு மாற்றுதல் வேண்டும். வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி கணுக்களில் பற்றினால், ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெயைச் சிறிது சோப்பு நீரிற் கலந்து தெளிக்க.

புதுச்செடி பெற விதை வேண்டா. முதிர்ந்த தண்டை ஒருசாண் அளவு வெட்டி, வெட்டுவாய் உலர ஒருவாரம் நிழலில் வைத்துப் பின் நடுக. இலைபோல் தோன்றுவது உண்மையில் தண்டே ஆதலின், அதன் விளிம்புப் பள்ளங்களிலிருந்தே அரும்பு தோன்றும். பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். பொறுமையில்லாதவர் இதற்குள் தூக்கி எறிந்துவிடுவர்.

அரும்பு கண்டபின் தொட்டியை இடம் மாற்றலாகாது. மாற்றின் அரும்பு உதிரக்கூடும். சில வாரங்களில் அதன் கழுத்து வளைந்து மேல்நோக்கும். பொழுது சாய்ந்தபின் இதழ் நெகிழத் தொடங்கி, நள்ளிரவை ஒட்டி முழுதும் விரியும். வெண்ணிறமும் நறுமணமும் இருளில் வரும் விட்டிற்பூச்சிகளை அழைத்தற்பொருட்டு அமைந்தவை. விடியலில் மலர் துவண்டு தொங்கும். அதனைக் கிள்ளிவிட்டு நீர்விட்டு வந்தால், அவ்வாண்டிலேயே மீண்டும் அரும்புவதும் உண்டு.