இறைவனுக்குச் சாத்தும் ஆடையும் நெசவுத் தொண்டும்

இறைவழிபாட்டில் மலர், நீர், தீபம், நிவேதனம் ஆகியவற்றோடு ஆடைக்கும் சிறப்பிடம் உண்டு. அபிஷேகம் நிறைவுற்றதும் மூர்த்திக்குப் புத்தாடை சாத்தப்பெறுகிறது. பெருவிழாத் தொடக்கத்தில் ஏற்றப்பெறும் கொடிச்சீலையும், கருவறை முன் தொங்கும் திரைச்சீலையும், தொண்டர்க்குச் சிறப்புச் செய்யும் பரிவட்டமும் நெசவாளரின் உழைப்பில் விளைந்தவையே.

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான நேச நாயனார் நெசவுத் தொழில் புரிந்தவர். காம்பீலி நகரில் வாழ்ந்த அவர், மனத்தை இறைவன் திருவடிக்கும், வாக்கைத் திருவைந்தெழுத்துக்கும், கைத்தொழிலைச் சிவனடியார்க்கும் உரியனவாக்கினார் என்பதைப் பெரியபுராணத்தால் அறியலாம். உடையும் கீளும் கோவணமும் தம் கையால் நெய்து, அடியார்க்கு வழங்கியதே அவர் செய்த தொண்டு. அவர் தறியை விட்டு வனம் செல்லவில்லை. தறியிலிருந்தே சிவபதம் பெற்றார். பங்குனி ரோகிணி அவரது குருபூசை நாளாகும்.

அத்தகைய நெசவுத் தொழில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திற்குப் புதியதன்று. பெரம்பலூர்ப் பகுதியின் கரிசல் நிலம் பருத்திக்குப் பெயர் பெற்றது. அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் பட்டு நெசவு பல குடும்பங்களின் வாழ்வாதாரமாக விளங்குகிறது. இவ்வூர்களுக்கு அண்மையில், முதலாம் இராசேந்திர சோழன் (கி.பி. 1014-1044) எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் திருக்கோயில் விளங்குகிறது. பிற்காலச் சோழர் அவையை அணிசெய்த கவிச்சக்கரவர்த்தி ஒட்டக்கூத்தரும் நெசவுத் தொழிலுக்குரிய செங்குந்தர் மரபினர் என்பர்.

நெசவு ஒருவர் தனித்துச் செய்யும் தொழிலன்று. வைகறையில் தெருவின் நீளத்திற்குப் பாவை நீட்டி, இழுத்துப் பிடித்து, அறுந்த இழைகளை முடிந்து, தறிக்கு ஏற்றதாக ஆக்குவதற்குப் பலர் கைகள் வேண்டும். இன்று அண்டை வீட்டாரின் பாவுக்குத் துணை நின்றவருக்கு, நாளை அவர்கள் துணை நிற்பர். முதியோர் தார் சுற்றுவர், பெண்கள் இழை பிரிப்பர், தறியிலும் அமர்வர். மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட இயலாது; குழித்தறியிலும் ஈரம் ஏறும். அந்நாட்களில் வேலையும் குறையும், வருவாயும் குறையும். தனி இழை எளிதில் அறும். பாவும் ஊடையும் பின்னிய ஆடையோ உறுதியாக நிற்கும். நெசவாளர் தெருவின் வாழ்வும் அத்தகையதே.

விசைத்தறித் துணி மலிவாகக் கிடைப்பதாலும், உழைப்புக்கேற்ற கூலி கிட்டாமையாலும் நெசவாளர் பிள்ளைகள் பலர் வேறு தொழில் நாடுகின்றனர். சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. எனினும் வாங்குவோர் இல்லையேல் தறி ஓடாது.

அம்மனுக்குச் சேலையும் சுவாமிக்கு வேட்டியும் நேர்ந்துகொள்ளும் அன்பர்கள் சற்றே சிந்தித்தல் நலம். பெயரளவில் மெல்லிய துணிகள் பல சாத்துவதினும், ஆண்டுக்கு ஒன்றாயினும் கைத்தறி ஆடை சாத்துதல் சிறப்பு. இறைவனுக்கு அது காணிக்கை. நெய்தவர் இல்லத்திற்கு அது அடுப்பெரியச் செய்யும் அறம். நேச நாயனார் அடியார்க்கு ஆடை அளித்தார். அவர் வழிவந்த தொழிலைக் காத்து, அவரது தொண்டில் நாமும் பங்குபெற்றுத் திருவருள் பெறுவோமாக!